அந்தோனியாரின் கையில் ரொட்டிப் பொம்மை

அத்தியாயம் பதினான்கு

வீட்டுப் பீடத்தில் நின்ற அந்தோனியார் சிலைக்கு முகம் துடைத்துவிடலாம் என்று எல்விரா ஈரத்துணியை எடுத்தாள். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முகம் துடைத்தாயிற்று, பழுப்பு அங்கி துடைத்தாயிற்று. இடது கையில் உட்கார்ந்திருந்த குழந்தை இயேசுவின் மேல் துணி பட்டதும், குழந்தையின் பட்டுச் சட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. சட்டைக்குள் இருந்தது குழந்தை இயேசு இல்லை. சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பொம்மை. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று வெட்டுகிற வளைய ரொட்டிக்குள் பேக்கரிக்காரன் ஒளித்து வைப்பானே, அதே பொம்மை.

எல்விரா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் இன்னும் கொஞ்சம் மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

எல்விராவின் அம்மா தோன்யா லாலா கண்ணை மூடி இன்றோடு ஒன்பதாம் நாள். எண்பத்தொரு வயது. மெக்சிகோவின் மிச்சோவாகானில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் கணவர் செஞ்சோவின் பின்னால் அமெரிக்காவின் இந்த யாகிமா பள்ளத்தாக்குக்கு வந்தவள். ஆப்பிள் பறித்து, பீருக்குப் போடுகிற ஹாப்ஸ் கொடி கட்டி, மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். காலைப் பூசைக்குப் போகாத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாதாவிடம் பயபக்தி. மற்ற புனிதர்களிடம் கொஞ்சம் அதிகாரம் உண்டு. அவர்களோடு சண்டை போடுவாள், முகம் திருப்பிக்கொள்வாள், காரியம் முடிந்ததும் பூ வாங்கி வைப்பாள்.

பீடத்தின் அடியில், கூடத்துத் தரையில், சுண்ணாம்பால் போட்ட சிலுவை ஒன்பது நாளாக இருக்கிறது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசிச் செபமாலை. அது முடிந்ததும் அந்தச் சிலுவையை அள்ளி எடுத்துக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அதோடு லாலா இந்த வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள் என்பது கணக்கு.

யார் கிளம்பவில்லை என்பதுதான் போன வாரத்துப் பேச்சு. மூத்தவள் ஒஃபேலியா சமையலறையில் நின்றுகொண்டு தீர்ப்பே சொல்லிவிட்டாள். "வீடு எல்விராவுக்கு. அம்மா ஏத்தின விளக்கு அணையக் கூடாது. அவ இங்கயே இருந்து பார்த்துப்பா." அவள் இருக்க விரும்புகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்விராவும் வாய் திறக்கவில்லை.

எல்விராவுக்கு நாற்பத்து மூன்று. பேக்கிங் ஹவுஸில் பழம் தரம் பிரிக்கிற வரிசைக்கு மேற்பார்வை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பானியப் பூசைக்குப் பியானோ வாசிப்பாள். குளிர்காலத்தில் அந்தக் கிழட்டுப் பியானோ சுருதி இறங்கிவிடும். எல்விரா ஒரு இடுக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே தலையை விட்டு, ஒவ்வொரு கம்பியாகத் திருகிச் சரிசெய்வாள். யாரும் கற்றுக்கொடுத்ததில்லை, காது சொல்லும். கல்யாணம் ஆகவில்லை. அப்பா, அம்மா இருவரையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"ராமிரோ, இங்க வா கொஞ்சம்."

கோயிலிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளை முற்றத்தில் விரித்துக்கொண்டிருந்த ராமிரோ வாய் நிறைய செர்ரியோடு உள்ளே வந்தான். நடுவிலவன். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பழத்தோட்டத்துக்கே மேஸ்திரி. வீட்டில் மட்டும் இன்னும் குறும்புக்காரப் பையன்.

"என்ன, அந்தோனியார் கண்ணீர் விடறாரா? சாமியாருக்குப் போன் போடட்டுமா?"

"இதைப் பாரு."

ராமிரோ பார்த்தான். கொட்டைகளை உள்ளங்கையில் துப்பினான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். ஒன்பது நாளாக இந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

"பிள்ளையைத் தூக்கிட்டா நம்ம அம்மா. போற போக்குலயும் அந்தோனியாரை மாட்டிவிட்டுட்டுப் போயிருக்கா."

இதைப் புரிந்துகொள்ள இந்த வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. லாலாவுக்கு அவசரமாக ஒன்று வேண்டுமென்றால், அந்தோனியாரின் கையிலிருந்து குழந்தையை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி எங்கேயாவது ஒளித்துவிடுவாள். கேட்டது நடந்தால் குழந்தை திரும்பி வரும். அதுவரை அவர் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான்.

ஒளிக்கிற இடத்துக்கும் ஒரு முறை உண்டு. எல்லையில் அப்பாவைப் பிடித்துத் திருப்பி அனுப்பியபோது, குழந்தை அப்பாவின் பழைய பூட்ஸுக்குள் கிடந்தது. பன்னிரண்டாம் நாள் அப்பா நடந்தே வந்து சேர்ந்தார். ஒஃபேலியாவின் தலைப்பிரசவம் பத்து நாள் தள்ளிப்போனபோது, குழந்தை ஒரு சின்னக் காலுறைக்குள் இருந்தது. ராமிரோ பட்டாளத்தில் இருந்த எட்டு மாதமும் அவனுடைய பேஸ்பால் கையுறைக்குள். கேட்டது எங்கே வந்து சேர வேண்டுமோ, குழந்தை அங்கே இருக்கும். ஒளித்த இடம் தெரிந்தால் வேண்டுதல் தெரிந்துவிடும்.

"ஆனா எப்பவும் அவர் கையைக் காலியாத்தானே விடுவா?" என்றாள் எல்விரா. "ஊருக்கே தெரியட்டும்னு. இப்ப ஏன் பொம்மையை வெச்சு மறைச்சா?"

ராமிரோவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "அதானே. ஏன்?"

உள்ளேயிருந்து ஒஃபேலியா வந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை சோளமாவு. ஐம்பத்தேழு வயது, இரண்டு பேரன்கள், ஊரில் சொந்தமாக ஒரு சலூன். மேஜையில் ஒரு ஸ்பூன் கோணலாக இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.

"சாயங்காலம் அறுபது பேர் வர்றாங்க. இங்க என்ன பொம்மை விளையாட்டு?"

ராமிரோ பொம்மையை நீட்டினான். ஒஃபேலியா பார்த்தாள், கையை நீட்டவில்லை.

"எந்த வருஷத்து ரொட்டியில வந்ததோ," என்றாள் சாதாரணமாக.

"கண்டுபிடிச்சிடலாம்," என்றான் ராமிரோ. "ஒரே ஒரு வருஷம்தானே பொம்மை யாருக்கும் கிடைக்கல. நான் பேக்கரிக்குப் போய் சண்டை போட்டேனே."

மூவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. ரொட்டியில் பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமாலே செய்து போட வேண்டும். சோளத் தோகையில் மாவைப் பொதிந்து பொதிந்து இடுப்பு ஒடிந்துவிடும். அந்த வருடம் பதினாறு துண்டு வெட்டி, பதினாறு பேரும் சாப்பிட்டு, ஒருவர் பல்லிலும் பொம்மை படவில்லை. ராமிரோ பேக்கரிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டான். அவர் பெற்ற தாய் மேல் சத்தியம் செய்து அழுதார்.

"அம்மா அன்னிக்கு என்ன சொன்னா?" எல்விரா கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றான் ராமிரோ. "'விடுங்கடா, தமாலே நான் செய்யறேன்'னா. செஞ்சா. பாவி, அவ துண்டுலதான் வந்திருக்கு. பொய்யும் சொல்லல, வேலையையும் தட்டிக் கழிக்கல. அந்த மனுஷன்கிட்ட நான்தான் போய் மன்னிப்புக் கேக்கணும்."

"பத்தொன்பது வருஷம் ஆச்சு," என்றாள் எல்விரா.

பத்தொன்பது வருடமாக வீட்டில் எல்லோரும் ரொட்டிப் பொம்மைக்கு முன்னால் முழந்தாளிட்டு வேண்டியிருக்கிறார்கள். ஒஃபேலியாவின் பெண் தேர்வுக்குப் போகும்போதெல்லாம் அதன் காலை முத்தமிட்டுவிட்டுத்தான் போவாள்.

*

பதினொரு மணிக்கு தோன்யா செனாய்தா பீடத்தைப் பார்வையிட வந்தாள். லாலாவின் உயிர்த்தோழி, எல்விராவுக்கு மத்ரீனா, அதாவது ஞானத்தாய்; மற்ற இருவரும் அப்படியே கூப்பிடுவார்கள். இந்த ஊரில் யார் இறந்தாலும் ஒன்பது நாள் செபமாலை சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். நாலரை அடி உயரம். அவள் செருமினால் பங்குச் சாமியாரே ஒதுங்கி நிற்பார்.

பொம்மையைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். கழற்றிவிட்டும் பார்த்தாள். பழையபடி அந்தோனியாரின் கையில் வைத்துவிட்டுச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"சிலுவையைத் தூக்க முடியாது," என்றாள்.

"மத்ரீனா," என்றாள் ஒஃபேலியா, "அறுபது பேருக்குச் சொல்லியாச்சு. நாலு பானை தமாலே அடுப்புல இருக்கு."

"இருக்கட்டுமே. பிள்ளையைப் புடிச்சு வெச்சது யாரு? லாலா. அதை விடுவிக்காம நாம அவளை வழியனுப்பினா அவ எங்கடி போவா? மேல போனதும் அந்தோனியார் வாசல்ல நின்னுட்டு, 'எங்கம்மா என் குழந்தை'ன்னு கேக்க மாட்டாரா? திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிப்பா. ஆறு மணிக்குள்ள குழந்தை வந்தாகணும். இல்லாட்டி நான் செபமாலையை மட்டும் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"என்ன வேண்டுதல்னு உங்களுக்குத் தெரியாதா?" ராமிரோ கேட்டான். "உங்ககிட்ட சொல்லாம அம்மா தும்மக்கூட மாட்டாளே."

"இதைச் சொல்லலியே," என்றாள் செனாய்தா. அந்த வருத்தம் குரலிலேயே தெரிந்தது.

பிறகு நால்வரும் உட்கார்ந்து அந்த வருடத்தைப் பிரித்துப் போட்டார்கள். பீடை பிடித்த வருடம். டிசம்பரில் கிளை வெட்டும்போது அப்பா ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையானார். ஜனவரி பிறந்ததும் ஒஃபேலியாவின் புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் டெக்ஸாஸுக்குப் போய்விட்டான். ராமிரோ காலையிலேயே குடிக்க ஆரம்பித்திருந்தான்.

"அப்பாவுக்காக இருக்கும்," என்றான் ராமிரோ.

"உங்கப்பாதான் நாலு வருஷத்துல போய்ச் சேர்ந்துட்டாரே. அதுக்கப்புறம் யாருக்காகப் புடிச்சு வெச்சிருப்பா?" என்றாள் செனாய்தா.

"அப்ப என் குடி."

"நீ விட்டு ஒன்பது வருஷமாச்சு. அன்னிக்கே திருப்பி வெச்சிருப்பா, பூமாலையோட."

"என் புருஷன் ஆறு மாசத்துல திரும்பி வந்துட்டான்," என்றாள் ஒஃபேலியா. "நான்தான் தொரத்திவிட்டேன். அது அந்தோனியார் தப்பில்ல."

மூன்று ஜோடிக் கண்கள் மெதுவாக எல்விராவின் பக்கம் திரும்பின.

"வேற என்ன இருக்கு," என்றாள் ஒஃபேலியா. "அந்தோனியார்கிட்ட அம்மாக்கள் எதுக்குப் போவாங்க? மாப்பிள்ளை கேட்டுத்தான்."

செனாய்தா ஒரு பெருமூச்சு விட்டு எல்விராவின் முழங்காலைத் தட்டினாள். "பாவம் லாலா. பத்தொன்பது வருஷமா மனசுக்குள்ளயே வெச்சு மருகியிருக்கா."

எல்விராவின் முகம் சூடாகிவிட்டது. எழுந்து பின்பக்கம் போனாள். யாராவது கேட்டால் தோகை ஊறப்போடப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இந்த ஊரில் அவளுடைய கல்யாணத்தைப் பற்றிக் கேட்காத வாய் இல்லை. கடையில் கேட்பார்கள், பூசை முடிந்து படியிறங்கும்போது கேட்பார்கள், இழவு வீட்டில் கூடக் கேட்பார்கள். அம்மா மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு முறைகூட இல்லை. மற்றவர்கள் கேட்கும்போது அம்மா பேச்சை மாற்றிவிடுவாள். என் அம்மாவின் கண்ணுக்கு நான் குறைப்பட்டவள் இல்லை என்று எல்விரா நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

அதெல்லாம் நடிப்பா? முகத்துக்கு நேரே சிரித்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் இவளுக்கு ஒரு வழி காட்டு என்று பத்தொன்பது வருடம் புனிதரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாளா? தன்னைப் பார்த்துப் பார்த்து ஏங்கித்தான் செத்தாளா?

மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று தோன்றியது. எங்கே தேட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

*

அம்மாவின் அறையில், கட்டிலின் கால்மாட்டில், ஒரு தேவதாரு மரப்பெட்டி இருந்தது. எல்விராவுக்குப் பதினைந்து வயது நிரம்பியபோது அப்பா செய்தது. கல்யாணத்துக்கென்று அம்மா அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். மேஜை விரிப்பு, துண்டுகள், நீல நூலில் எல்விரா என்று பூவேலை செய்த ஒரு ஜோடித் தலையணை உறை. மாப்பிள்ளைக்கான வேண்டுதல் என்றால் குழந்தை அந்த உறைகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தாள்.

உள்ளே மேலிருந்து கீழ்வரை சோளத் தோகை. கட்டுக் கட்டாக, போன வருடம் காயவைத்தது. அதற்கு அடியில் சிக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் சீரியல் விளக்குகள். எல்லாவற்றுக்கும் அடியில் எலிப்பொறி ஒன்று. விரிப்பும் இல்லை, உறையும் இல்லை, குழந்தையும் இல்லை.

எல்விரா தோகைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இவளுடைய கல்யாணத்தை எப்போதோ காலி செய்துவிட்டு, அந்த இடத்தை உருப்படியாக உபயோகித்திருக்கிறாள். ஏங்கிக்கொண்டிருக்கிற ஒரு தாய் மகளின் சீர்ப்பெட்டியில் எலிப்பொறி வைப்பாளா? மாப்பிள்ளை இல்லை. நிச்சயமாக மாப்பிள்ளை இல்லை.

ஆனால் அந்தத் தலையணை உறைகள் எங்கே?

கூடத்தில் ராமிரோ தன் பேஸ்பால் கையுறையைக் கண்டுபிடித்துக் குடைந்துகொண்டிருந்தான். அதற்குள் ஒரு பழைய சிகரெட் மட்டும் இருந்தது. ஒஃபேலியா தன் கல்யாண கவுன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கவுன் சுருங்கிப்போயிற்று என்று அம்மாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்விரா சமையலறை ஜன்னலருகே நின்றாள். மணி மூன்று. எல்லோரும் வந்ததையும் நின்றதையுமே பேசுகிறோம், என்று நினைத்தாள். வீட்டுக்கு என்ன வர வேண்டும், எது நிற்க வேண்டும். அந்த ஜனவரியில் போக வேண்டியது ஒன்று இருந்ததே. போகாமல் நின்றதே.

அதற்கு முந்தின நவம்பரில் எல்விராவுக்கு ஒரு கடிதம் வந்தது. கடற்கரை ஊரில் பியானோவுக்குச் சுருதி கூட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளிக்கூடம். இடம் கொடுத்திருந்தார்கள், ஜனவரி பத்தாம் தேதி சேர வேண்டும். அம்மாவிடம் சொன்னபோது, "பியானோவைத் திருகறதுக்குக்கூடப் பள்ளிக்கூடமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். எல்விரா பழைய சாமான் கடையில் ஒரு பழுப்புப் பெட்டி வாங்கினாள். டிசம்பரில் அப்பா விழுந்தார். மூன்று ராஜாக்கள் திருநாளன்று காலையில் எல்விரா அந்தக் கடிதத்தைக் காபித் தூளோடும் முட்டை ஓட்டோடும் குப்பைக்கூடையில் போட்டாள். பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் எறிந்தாள். அன்று மத்தியானம் ரொட்டி வெட்டினார்கள்.

எல்விரா பின்வாசலைத் திறந்துகொண்டு நடந்தாள். நடை வர வர ஓட்டமாகிவிட்டது.

கொட்டகையில் அப்பாவின் ஏணி அப்படியே சாத்தியிருந்தது. யாரும் அதைத் தொடுவதில்லை. ஏணியின் மேல் தூசி, மருந்தடிக்கிற டின்களின் மேல் தூசி, ஒற்றைச் சக்கர வண்டியின் மேல் ஒரு விரல் கனத்துக்குத் தூசி. ஏணிக்குப் பின்னால் பழுப்புப் பெட்டி நின்றது. அதன் மேல் தூசியே இல்லை. தோல் பட்டைக்கு எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைத்திருந்தார்கள்.

திறந்தாள்.

கம்பளிப் போர்வை ஒன்று, புதிது. அதன் மேல் தலையணை உறை. நீல நூலில் எல்விரா. ஜோடியில் ஒன்றுதான் இருந்தது. ஒருத்திக்கு ஒன்று போதும் என்று மற்றதை எடுத்துவிட்டிருக்கிறாள்.

உறைக்குள் கை விட்டாள். அம்மாவின் கைக்குட்டை. அதற்குள் குழந்தை இயேசு, ஒரு கையைத் தூக்கி ஆசீர்வதித்தபடி, மூக்கு நுனியில் பழைய சிராய்ப்போடு. கைக்குட்டையைச் சுற்றியிருந்தது அந்தக் கடிதம். இஸ்திரி போட்டதுபோல் மடிப்பெல்லாம் நீவிவிட்டிருந்தது. காபிக் கறை மட்டும் போகவில்லை.

எல்விரா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பது நாளாக அழுத அழுகை இல்லை இது. இதில் கோபமும் இருந்தது. இதே அம்மாதான் வருகிறவர்களிடமெல்லாம், "என் எல்விரா என்னை விட்டுப் போகமாட்டா" என்று பெருமை பேசினாள். தினமும் காலை ஐந்து மணிக்கு ஊசி போட, "எல்விரா" என்று கூப்பிட்டாள். ஒரு நாள் இரண்டு நிமிஷம் தாமதமானால் இரண்டாம் தடவை கூப்பிடும் குரலில் பயம் இருக்கும். அந்தப் பயத்தோடு வந்து, இந்தப் பெட்டியைத் துடைத்து, இவளை அனுப்பி வை என்று கேட்டிருக்கிறாள். வாய் விட்டுப் போ என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. போய்விடுவாளோ என்று பயம், போகாமலே இருந்துவிடுவாளோ என்றும் பயம். யாருக்கும் தெரியாமல் பொம்மைக்குச் சட்டை தைத்துப் போட்டுவிட்டு, பத்தொன்பது வருடம் காத்திருந்திருக்கிறாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல," என்று எல்விரா வாய்விட்டே சொன்னாள். ஏணிதான் கேட்டது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடும்போதுதான் கைப்பிடியில் கட்டியிருந்த அட்டைச் சீட்டைப் பார்த்தாள். அவளுடைய பெயர், பள்ளிக்கூடத்தின் பெயர், ஒரு தொலைபேசி எண். நீல மை, பளிச்சென்று இருந்தது. நேற்று முந்தாநாள் எழுதியதுபோல். எண்ணில் மூன்று ஏழுகள்; ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கோடு, கீழே சுருட்டிவிட்ட வால்.

லாலாவுக்குத் தன் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது. இங்கிலீஷ் ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது.

*

ஐந்தரை மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெளியே வெயில் இன்னும் மதியம்போல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் வாசலருகே நின்ற பழுப்புப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். "யாரு ஊருக்குப் போறாங்க?" என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ராமிரோ இரண்டு தடவை கேட்டான். ஒஃபேலியா மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

செபமாலை முடிந்தது. செனாய்தா முழந்தாளிலிருந்து எழுந்து, கூட்டத்தின் முன்னால் எல்விராவைக் கூப்பிட்டாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது, மத்ரீனா."

"அப்ப கொண்டா. அவர் கையில வை."

"இப்ப வைக்க முடியாது. கேட்டது இன்னும் நடக்கல."

கூடத்தில் விசிறிகள் நின்றன. செனாய்தா கிட்டே வந்து, அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்தினாள். "மாப்பிள்ளைதானே?"

எல்விரா குனிந்து அவள் காதில் சொன்னாள். நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, நாலு வார்த்தைதான். செனாய்தா வாசல் பக்கம் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"சரி," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "லாலா கேட்டது அந்தோனியார் கையில இல்ல. இதோ நிக்கிறாளே, இவ கையில இருக்கு. புனிதருக்குப் பதில் இவ பொறுப்பு. லாலாவை விட்டுடலாம். சிலுவையைத் தூக்குங்க."

தலைப்பக்கத்தை ராமிரோ அள்ளினான். கால்பக்கத்தை ஒஃபேலியா. நடுவில் நெஞ்சுப் பக்கத்தை எல்விராவிடம் விட்டார்கள். சுண்ணாம்பை ஒரு தகட்டால் வழித்துச் சின்ன டப்பாவில் போடும்போது தரையில் வெள்ளைத் தடம் மட்டும் மிஞ்சியது. எல்லோரும் பாட்டுப் பாடினார்கள். எல்விராவின் குரல் பாதியில் உடைந்தது, பிறகு மறுபடி சேர்ந்துகொண்டது.

பாட்டு முடிந்ததும் பீடத்திடம் போய், அந்தோனியாரின் கையிலிருந்த பொம்மையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு அவர் வெறுங்கையோடு நின்றார். போவேனா என்று அவளுக்கே தெரியாது. நாற்பத்து மூன்று வயதில் எடுத்துக்கொள்வார்களா, அந்தப் பள்ளிக்கூடம் இன்னும் இருக்கிறதா, அதுவும் தெரியாது. ஆனால் அந்தப் பெட்டி இனிமேல் கொட்டகைக்குப் போகாது. அது மட்டும் தெரிந்தது.

கல்லறைக்குப் போய்வந்து, சாப்பாடு முடிந்து, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முற்றத்தில் ராமிரோ நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் ஒஃபேலியா தனியாக நின்று, மீந்த தமாலேக்களைப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் பெயரும் எண்ணிக்கையும் எழுதிக்கொண்டிருந்தாள்.

எல்விரா ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். ராமிரோ, 17. நீல மை. ஏழின் நடுவில் ஒரு கோடு, கீழே சுருட்டிவிட்ட வால்.

பெட்டியிலிருந்து அவிழ்த்து வைத்திருந்த அட்டைச் சீட்டைப் பையிலிருந்து எடுத்துப் பொட்டலத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"அக்கா, போன வாரம் என்னை இங்கயே இருன்னு சொன்னது நீ. இதை எழுதினதும் நீயா?"

ஒஃபேலியாவின் பேனா நின்றது. அவள் சீட்டைப் பார்க்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டாள், அது சரியாகப் பொருந்த வெகுநேரம் பிடித்தது. மூடிய பிறகும் அதைக் கையிலிருந்து வைக்கவில்லை.

"ராமிரோ உள்ள வர்றதுக்குள்ள கதவைச் சாத்து," என்றாள். "சாத்திட்டு வந்து உக்காரு. அம்மா கடைசியா என்கிட்ட கேட்டது ஒண்ணு இருக்கு. நான் செய்யல."